திருமலைப் படியேற்றம்: உடல் தன்னைக் குளிர்விப்பது எப்படி?

திருப்பதியின் அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையில் 3,550 படிகள் உள்ளன. ஏறும்போது தசைகளில் உண்டாகும் வெப்பத்தை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி உணர்ந்து, தோலின் இரத்த நாளங்களை விரிவடையச் செய்து, வியர்வையைத் தூண்டுகிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். வழிந்து சொட்டுவதால் பயனில்லை. புழுக்கமான நாளில் ஏற்றம் மேலும் கடினமாவது இதனால்தான்.

கால் தசைகளுக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயத்தின் சுமை கூடுகிறது. உடலில் நீர் குறையக் குறைய இதயத் துடிப்பும் உயர்கிறது. முதியோர் பலருக்குத் தாக உணர்வே மந்தமாக இருக்கும். நீண்டகால நீரிழிவு, வியர்வையைத் தூண்டும் நரம்புகளைப் பாதிக்கக்கூடும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் நடந்து வருவதைத் தவிர்க்குமாறு திருமலை திருப்பதி தேவஸ்தானம் அறிவுறுத்தியுள்ளது. மார்பு வலி, மயக்கம், மனக்குழப்பம் ஏற்பட்டால் உடனே நின்று மருத்துவ உதவி பெற வேண்டும்.