தோட்டத்துச் சேலை முதல் பஞ்சாபி சூட் வரை: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் உடை வரலாறு

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் உடை 20ஆம் நூற்றாண்டில் அடியோடு மாறியது. நூற்றாண்டின் தொடக்கத்தில் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டியும் பின்கொசுவம் வைத்த நூல் சேலையுமாக இருந்தவர்கள், அதன் முடிவில் சிலுவார் (கால்சட்டை), பாத்தேக் சட்டை, பாஜு கூரோங் (மலாய்ப் பெண்களின் நீள்சட்டை உடை), பஞ்சாபி சூட் என்று வேளைக்கேற்ற உடைகளுக்கு வந்து சேர்ந்தனர். கூலி எவ்வளவு, கப்பலில் எந்தத் துணி வந்தது, வேலை தோட்டத்திலா அலுவலகத்திலா தொழிற்சாலையிலா என்பவையே இந்த மாற்றத்தைப் பெரிதும் தீர்மானித்தன. அரசியலும் சினிமாவும் அவற்றோடு சேர்ந்துகொண்டன.

தோட்டத்து உடை

1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய இடம் இதுவே. அடுத்த சில ஆண்டுகளில் ரப்பர் விலை ஏறியதும், கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. ஆள்சேர்க்கும் கங்காணிகள் வழியாக நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தொழிலாளர்கள், ஊரில் உடுத்திய உடையோடுதான் வந்திறங்கினர். ஆண்களுக்கு ஒரு வேட்டி, தோளில் ஒரு துண்டு. பெண்களுக்குக் கெட்டியான நூல் சேலை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ரவிக்கை எல்லோருக்கும் பொதுவாகாத காலம் அது.

பால்மரக்காட்டு வேலை இந்த உடையை விரைவிலேயே மாற்றியது. விடியுமுன் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போய், கொசுவும் பனியும் நிறைந்த காட்டில் பால் வெட்டுவோருக்கு உடம்பை மூடும் உடை தேவைப்பட்டது. பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டு, தலையில் துணியைச் சுற்றிக் கட்டினர். நாளடைவில் சேலைக்குப் பதிலாகக் கைலியும் வேலை உடை ஆனது. துணியில் பட்ட ரப்பர் பால் காய்ந்து கறுத்துவிட்டால் எத்தனை துவைத்தாலும் போகாது. அதனால் காட்டுக்குப் போகும் உடை வேறு, கோயிலுக்கும் திருவிழாவுக்கும் உடுத்துவது வேறு என்ற பிரிவு தோட்டத்தில் உறுதியாக நிலைத்தது. காட்டு உடை கிழியும்வரை உழைத்தது. நல்ல சேலை டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது.

புதுத்துணி பெரும்பாலும் தீபாவளிக்குத்தான். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணின் நாள்கூலி 50 காசு, பெண்ணின் நாள்கூலி 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. அந்த நேரத்தில் சந்தைக்கு வந்த ஜப்பானியப் பருத்தித் துணியும் ரேயான் துணியும் மான்செஸ்டர் துணியைவிட மிக மலிவாக இருந்தன. லங்காஷயர் ஆலைகளைக் காக்க, 1934இல் பிரிட்டிஷ் அரசு மலாயா உள்ளிட்ட குடியேற்ற நாடுகளில் வெளிநாட்டுத் துணி இறக்குமதிக்கு வரம்பு விதித்தது. ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்த மலிவுத் துணியும் அதனால் குறைந்தது. சைக்கிளில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பான லயங்கள்தோறும் வந்த வட இந்திய வியாபாரிகளிடம் தவணைக்கு வாங்குவது தோட்டத்து வழக்கமாக நீடித்தது.

கைலியின் வழி

வீட்டுக்குள் ஆண்களின் உடையாக நிலைத்த கட்டம்போட்ட கைலி, தமிழர் மலாயாவுக்குப் பெருந்திரளாகக் குடியேறுவதற்கு வெகு காலம் முன்பே அங்கு வந்துவிட்ட பொருள். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளைத் தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அவற்றைக் கொடுத்து மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினர். மலாய்க்காரர்கள் இன்றும் இக்கைலியைப் பழவேற்காட்டின் பெயரால் ‘காயின் பெலிக்காட்’ என்றே அழைக்கின்றனர். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 20ஆம் நூற்றாண்டிலும் இந்தத் துணியைச் சென்னையிலிருந்து இறக்குமதி செய்தனர். மூட்டிய கைலி மலாய்க் கம்பத்திலும் (கிராமத்திலும்) தமிழ் லயத்திலும் ஒன்றுபோல் புழங்கியது.

இதே கட்டத்துணிக்கு மேற்கில் வேறொரு வாழ்வு அமைந்தது. 1958இல் நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் சென்னைக் கைத்தறிக் கட்டத்துணியில் சட்டைகள் தைத்து விற்றது. துவைத்ததும் சாயம் ஒழுகியது. அந்தக் குறையையே துணியின் தனிச்சிறப்பாக்கி விளம்பரம் செய்ததால், ‘மெட்ராஸ்’ சட்டை அமெரிக்கக் கல்லூரி மாணவரிடையே நாகரிகமானது. கிள்ளானில் மாலை வேளை வாசற்படியில் உட்கார உடுத்திய துணியும் அமெரிக்காவில் கோடை விருந்துக்கு அணிந்த துணியும் ஒரே நெசவு மரபின் வழி வந்தவை.

வெள்ளைக் கோட்டு

நகரத்தில் வேறொரு உடை வளர்ந்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிகளும் (எழுத்தர்களும்) நிலைய அதிகாரிகளும் அங்கு திரளாகக் குடியேறினர். வெள்ளை டிரில் துணியில் கழுத்துவரை மூடிய ‘தூத்துப்’ கோட்டு அவர்களின் அடையாளம். ஐரோப்பிய அதிகாரிகளும் அதே பாணிக் கோட்டையே அணிந்தனர். அதன் பொத்தான்களைக் கழற்றி வைத்துவிட்டுத் துணியை வெளுக்கப் போடலாம். தொடக்கத்தில் இந்தக் கோட்டுக்குக் கீழே வேட்டியும் தலையில் தலைப்பாகையும் இருந்தன. பிறகு வேட்டியின் இடத்தைச் சிலுவார் பிடித்தது.

கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு, அதை அணிந்தவர் கையால் உழைப்பவரல்லர் என்று தொலைவிலேயே சொல்லிவிடும். தோட்டத்தில் துரை (ஐரோப்பிய நிர்வாகி), கிராணி, கங்காணி, தொழிலாளி என்ற படிநிலை உடையில் அப்படியே தெரிந்தது. அந்த அடுக்கைத் தாண்டுவது ஒழுங்கு மீறலாகக் கருதப்பட்டது.

குல்லாயும் காக்கியும்

1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் அந்த ஒழுங்கோடு நேரடியாக மோதியது. ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியும் கள்ளுக்கடைகளை மூடுவதும் கேட்டது. துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் அதன் கோரிக்கைகளில் ஒன்று. தொழிலாளர்கள் காந்தி குல்லாய் அணியத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். 1920ஐ ஒட்டி ஒத்துழையாமை இயக்கத்தோடு இந்தியாவில் பரவிய அந்த வெள்ளைக் கதர்க் குல்லாய்க்குச் சில காசுதான் விலை. ஆனால் துரையின் முன் துண்டை இடுப்பில் கட்டி நிற்கப் பழக்கப்பட்டவன் தலையில் குல்லாயோடு நிமிர்ந்து நின்றதை நிர்வாகம் மிரட்டலாகவே கண்டது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். படையை இறக்கி வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 ஜனவரியில் கோலாலம்பூர் வீழ்ந்தது. இந்தியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் துணி வருவது நின்றுபோனது. தோட்டங்களில் கோணிச்சாக்கை வெட்டித் தைத்து உடுத்தும் நிலை வந்தது. ஜப்பானியர் போட்ட சயாம் மரண இரயில் பாதைக்கு அனுப்பப்பட்ட தொழிலாளர் பலரும் சாக்குத்துணியோடும் கோவணத்தோடும் உழைத்தனர்.

அந்தத் துணிப்பஞ்சத்தின் நடுவில்தான் தமிழ்ப் பெண்களின் உடையில் மிகத் துணிச்சலான மாற்றமும் நடந்தது. 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள், அவர்களிலும் பலர் தோட்டத் தொழிலாளிகள். சேலையைக் களைந்து காக்கிச் சட்டையும் சிலுவாரும் தொப்பியும் அணிந்தனர். பலர் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டனர். படையின் துணைத் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்த ஜானகி தேவர் கோலாலம்பூரைச் சேர்ந்தவர். போர் முடிந்ததும் இந்தப் பெண்கள் சேலைக்குத் திரும்பினர். தமிழ்ப் பெண்கள் அன்றாடம் சிலுவார் அணிய இன்னும் ஒரு தலைமுறை ஆனது.

கப்பலும் திரையும்

போருக்குப் பின் துணி மீண்டும் வந்தது. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலும், 1970களிலிருந்து 1985இல் தீப்பிடித்தது வரை ஓடிய எம்.வி. சிதம்பரமும் சென்னை, நாகப்பட்டினம் வழியே ஆட்களோடு சேலைகளையும் சுமந்து வந்தன. ஊருக்குப் போய்த் திரும்புவோரின் பெட்டியில் காஞ்சிபுரம் பட்டும் சுங்குடியும் இருக்கும். கோலாலம்பூரில் பத்து ரோட்டிலும் (இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான்) மஸ்ஜிட் இந்தியா பகுதியிலும், கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவிலும் துணிக்கடைகள் பெருகின. தவணையில் கிடைத்த சிங்கர் தையல் இயந்திரம் லயத்துக்குள்ளேயே தையற்காரிகளை உருவாக்கியது.

எந்த மாதிரியைத் தைப்பது என்பதைத் திரைப்படம் சொன்னது. முன்கொசுவம் வைத்து, உள்பாவாடையும் ரவிக்கையும் சேர்த்து உடுத்தும் சேலைக்கட்டு, 19ஆம் நூற்றாண்டில் தாகூர் குடும்பத்து ஞானதானந்தினி தேவி போன்றோரால் வங்காள மேல்தட்டில் பரவிய முறையோடு தொடர்புடையது. தோட்டத்துப் பெண்களிடம் அதைக் கொண்டுவந்து சேர்த்ததில் நடிகைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பஃப் கை வைத்த ரவிக்கை, பிறகு இறுக்கமான குட்டைக்கை ரவிக்கை, நைலான் சேலை என்று மாதிரிகள் அடுத்தடுத்து வந்தன. கசங்காமல், துவைத்ததும் சீக்கிரம் காய்ந்த நைலானும் டெட்ரானும் மழை மிகுந்த கிள்ளானுக்குத் தோதாக இருந்தன. ஆனால் அந்தப் புழுக்கத்துக்கு ஏற்றவையல்ல. ஆண்களிடம் 1960களில் ஒட்டிய குழாய்ச் சிலுவாரும், 1970களில் பெல்பாட்டமும் வந்தன. பெல்பாட்டத்தின் மூலம் 19ஆம் நூற்றாண்டுக் கடற்படை மாலுமிகளின் அகன்ற கால்சட்டை. மேற்கத்திய இளைஞர் அதை எடுத்து அணிந்தபின், தமிழ்ப்படம் வழியாகக் கிள்ளானுக்கு வந்தது.

தோட்டத்திலிருந்து நகரத்துக்கு

1970களில் சுங்கைவே தடையற்ற வணிக மண்டலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்கள் அங்கே சீருடை அணிந்து வேலைக்குப் போயினர். மாதச் சம்பளம் கைக்கு வந்ததும், தீபாவளிக்கு மட்டும் என்றிருந்த துணிவாங்கல் பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) எப்போதும் நடப்பதானது. பாவாடை தாவணி மெல்ல மறைந்தது. அதன் இடத்தைப் பெரும்பாலும் பஞ்சாபி சூட் பிடித்தது. அதில் பேருந்து ஏறலாம், மோட்டார் சைக்கிளில் உட்காரலாம், துப்பட்டா இருப்பதால் வீட்டுப் பெரியவர்களும் மறுப்பதில்லை.

அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வேலை செய்த தமிழ்ப் பெண்கள் பலர் பாஜு கூரோங்கை ஏற்றனர். அதன் தெலுக் பெலாங்கா பாணி 19ஆம் நூற்றாண்டு ஜொகூரில் சுல்தான் அபு பக்கர் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்தது என்பது வழக்கு. ஆண் அரசு ஊழியருக்கு வியாழக்கிழமை பாத்தேக் சட்டை வழக்கமானது. வேட்டி, அன்றாட உடை என்ற இடத்தை இழந்து கோயிலுக்கும் திருமணத்துக்கும் உரிய சிறப்பு உடையானது. பத்துமலைத் தைப்பூசத்தில் மட்டும் மஞ்சள் உடை முன்போலவே ஆயிரக்கணக்கில் தெரிகிறது.

2010 அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவாக முறைப்படி திறக்கப்பட்டது. அங்கும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் இன்று வேட்டி, பட்டு, பஞ்சாபி சூட், கைலி எல்லாம் ஒரே கடையில் விற்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒருவர் உடையைக் கண்டே அவர் துரையா, கிராணியா, தொழிலாளியா என்று சொல்லிவிட முடிந்தது. இன்று அப்படிச் சொல்ல முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் உடை வரலாற்றில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றம் அதுதான்.