மாற்றியெழுதிய ஒப்பந்தமும் எழுதப்படாத அனுமானங்களும்: ஸ்மார்ட் கான்ட்ராக்ட் மொழிமாற்றம் குறித்து ஓர் ஆய்வு

சொலிடிட்டியில் எழுதிய ஸ்மார்ட் கான்ட்ராக்டை வைப்பருக்கோ மூவுக்கோ கைரோவுக்கோ கொண்டுபோகும் பணியைப் பலரும் இலக்கணப் பணியாகவே நடத்துகிறார்கள். வரிக்கு வரி மாற்றினோம், கம்பைல் ஆனது, யூனிட் டெஸ்ட்டுகள் தேறின, வேலை முடிந்தது என்கிறார்கள். சாதாரண மென்பொருளில் இது ஓரளவு செல்லுபடியாகும். பிழை தெரிந்தால் மறுநாளே திருத்தி ஏற்றிவிடலாம். பிளாக்செயினில் ஏற்றிய ஒப்பந்தமோ முன்பின் தெரியாதவர்களின் பணத்தை வைத்திருக்கிறது. அதை யாரும் அழைக்கலாம், எந்த மதிப்பையும் கொடுத்துப் பார்க்கலாம்.

ஓர் ஒப்பந்தம் சரியாக இயங்குவதற்கான காரணங்களில் ஒரு பகுதிதான் நிரலில் எழுதப்பட்டிருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். மற்றப் பகுதி, எழுதியவர் சொல்லாமலே நம்பியிருந்த இயந்திரத்தின் நடத்தையில் இருக்கிறது: எண் நிரம்பினால் என்ன ஆகும், சேமிப்பில் எது எங்கே உட்காரும், வெளி அழைப்பின் நடுவே யார் உள்ளே வரலாம். மொழிமாற்றம் முதல் பகுதியைச் சுமந்து செல்கிறது, இரண்டாவதைக் கீழே போட்டுவிடுகிறது. ஆகவே மூல ஒப்பந்தத்துக்குக் கிடைத்த தணிக்கைச் சான்று மாற்றியெழுதிய ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது.

மொழியே மாறாத ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கலாம். 2020 டிசம்பரில் வெளிவந்த சொலிடிட்டி 0.8.0, எண் வரம்பை மீறும் கூட்டலையும் கழித்தலையும் பிழையாக்கி, பரிவர்த்தனையையே திருப்பி அனுப்பத் தொடங்கியது. அதற்கு முன் எண் சத்தமில்லாமல் சுற்றிப் பூஜ்யத்திலிருந்து தொடரும். பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு இந்த மாற்றம் நன்மையே. ஆனால் சொலிடிட்டி 0.7.6-இல் எழுதப்பட்ட யூனிஸ்வாப் பரிமாற்றகத்தின் மூன்றாம் பதிப்பில், கட்டண வளர்ச்சியைக் கணக்கிடும் எண்ணிகள் சுற்றிவரும் என்பதை ஏற்றுக்கொண்டே வடிவமைக்கப்பட்டவை. இரண்டு தருணங்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டுமே தேவை என்பதால், எண்ணி சுற்றிவந்தாலும் விடை சரியாகவே வரும். இதே வரிகளை எழுத்து மாறாமல் 0.8-இல் கம்பைல் செய்தால் அந்தக் கழித்தல் ஒருநாள் பிழையாகித் திரும்பும். முதலீட்டாளர் போட்ட பணத்தை எடுக்க முடியாமல் போகலாம். அந்த இடங்களைச் சோதனையற்ற தொகுதிக்குள் அடைப்பதுதான் வழி. ஆனால் எந்தக் கழித்தல் வேண்டுமென்றே சுற்றுகிறது, எது தவறிச் சுற்றுகிறது என்பதை அந்த வரி சொல்வதில்லை. கணிதம் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

சொலிடிட்டிக்கும் வைப்பருக்கும் இடையே இயந்திரம் ஒன்றுதான். இரண்டும் எத்திரியம் மெய்நிகர் இயந்திரத்துக்கான பைட்கோடாகவே முடிகின்றன. இங்கேயும் தடுமாற இடமுண்டு. ஒரு கணக்கின் இருப்பைத் தேடும்போது, சேமிப்பு எண்ணையும் கணக்கு முகவரியையும் சேர்த்து ஹாஷ் செய்து கிடைக்கும் கட்டத்தில் பார்க்கிறோம். சொலிடிட்டி முகவரியை முன்னும் சேமிப்பு எண்ணைப் பின்னும் வைக்கிறது. வைப்பர் வரிசையைத் திருப்பிப் போடுகிறது. புதிதாக ஏற்றும் ஒப்பந்தத்துக்கு இதனால் பாதகமில்லை. சேமிப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நிரலை மட்டும் மாற்றவிடும் பிராக்ஸிக்குப் பின்னால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தின் நிரலை மட்டும் வைப்பரில் மாற்றியெழுதிப் பொருத்தினால், அத்தனை பேரின் இருப்பும் பூஜ்யமாகத் தெரியும். பணம் பழைய கட்டங்களிலேயே கிடக்கும். புதிய நிரல் வேறு கட்டங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். இரு நிரல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் எந்தச் சரிபார்ப்பாளரின் கண்ணிலும் இது படாது. வைப்பரின் முகம் பைத்தான் போல இருப்பதும் ஏமாற்றும்: மைனஸ் ஒன்றை இரண்டால் முழுஎண் வகுத்தல் செய்தால் பைத்தான் மைனஸ் ஒன்று தரும், வைப்பர் பூஜ்யம் தரும்.

மூவ் மொழியில் நிலைமை இன்னும் ஆழமாக மாறுகிறது. ஃபேஸ்புக்கின் லிப்ரா திட்டத்துக்காக 2019-இல் அறிமுகமாகி, இன்று ஆப்டோஸ், சூயி சங்கிலிகளில் வாழும் மொழி அது. சொலிடிட்டியில் டோக்கன் என்பது ஒப்பந்தத்தின் பேரேட்டில் உள்ள ஓர் எண். மூவில் அது நகலெடுக்கவோ தூக்கியெறியவோ முடியாத பொருள். உரிமையாளரின் வசத்தில் இருக்கிறது. அழைக்கப்படும் நிரல் எது என்பதும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். அதனால் 2016 ஜூனில் எத்திரியத்தின் தி டாவோ நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈத்தரை வெளியேற்றிய மறுநுழைவுத் தாக்குதல் (ஓர் அழைப்பு முடியும் முன்பே மீண்டும் உள்ளே நுழைவது), அதே உருவில் மூவில் நடப்பது கடினம். சொலிடிட்டி நிரலில் உள்ள மறுநுழைவுப் பூட்டுகளை அப்படியே மூவில் பெயர்த்து வைப்பவர், காவல் தேவையில்லாத வாசலில் காவல் போடுகிறார்.

எதிர்த்திசையில், மூலத்தில் இயல்பாக இருந்த சில வசதிகள் இங்கே கிடையாது. சொலிடிட்டியில் ஒரே பரிவர்த்தனைக்குள் கடன் கொடுத்துத் திரும்பப் பெற, கடன் வாங்கியவரின் நிரலைத் திருப்பி அழைத்துவிட்டு இருப்பைச் சரிபார்ப்பார்கள். சூயியின் மூவில் அந்த அழைப்புக்கு நேர்வழி இல்லை. அதற்குப் பதில் கடனோடு ஒரு ரசீதுப் பொருள் தரப்படுகிறது. அதைச் சேமிக்கவும் முடியாது, கைவிடவும் முடியாது. கடனைத் திருப்பிக் கட்டும் செயற்கூறிடம் ஒப்படைத்தால்தான் பரிவர்த்தனை முடியும். நோக்கம் அதேதான், வரிகள் எதுவும் ஒத்துவராது. நல்ல மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்பது என் மதிப்பீடு.

இனி இந்த வாதத்தின் மையமான வழக்குக்கு வருகிறேன். 2025 மே 22 அன்று சூயி சங்கிலியின் செடஸ் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 22 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் பறிபோயின. அதில் சுமார் 16 கோடியை வேலிடேட்டர்கள் முடக்கி நிறுத்தினார்கள். செடஸ் யூனிஸ்வாப்பின் வரிக்கு வரி நகல் அல்ல. ஆனால் யூனிஸ்வாப் மூன்றாம் பதிப்பு பரவலாக்கிய, விலை வரம்புக்குள் பணத்தைக் குவிக்கும் அதே கணக்கைத்தான் அது மூவில் செய்தது. குறிப்பிட்ட அளவு லிக்விடிட்டிக்கு எவ்வளவு டோக்கன் செலுத்த வேண்டும் என்ற கணக்கை இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

யூனிஸ்வாப்பில் லிக்விடிட்டி 128 பிட் எண். அதை இடப்பக்கம் 96 இடம் நகர்த்துகிறார்கள். எவ்வளவு பெரிய மதிப்பைக் கொடுத்தாலும் விடை 224 பிட்டுக்குள் அடங்கும். 256 பிட் பெட்டியில் வழிய வாய்ப்பே இல்லை. அடுத்து வரும் பெருக்கல், 512 பிட் இடைவிடையைத் தாங்கும் தனிச் செயற்கூறில் நடக்கிறது. நகர்த்தும் இடத்தில் எந்தச் சோதனையும் இல்லை. எண் வகைகளின் அகலமே அங்கே பாதுகாப்பு. செடஸில் வரிசை வேறு. 128 பிட் லிக்விடிட்டியை 128 பிட் விலை வித்தியாசத்தால் முதலில் பெருக்குகிறார்கள். விடை 256 பிட் வரை போகலாம். அதை மேலும் 64 இடம் நகர்த்த வேண்டும். மூலத்தில் தேவையே இல்லாத ஒரு சோதனை இங்கே கட்டாயமாகிவிட்டது.

சோதனையை எழுதவும் செய்தார்கள். 2-இன் 192ஆம் அடுக்கை எட்டிய எந்த எண்ணையும் தடுத்திருக்க வேண்டும். எழுதப்பட்ட எல்லையோ, 64 பிட்டும் ஒன்றாக உள்ள எண்ணை 192 இடம் நகர்த்திக் கிடைப்பது, அதாவது 256 பிட் வீச்சின் உச்சிக்கு வெகு அருகே. இடையில் இருந்த மாபெரும் வெளி முழுவதும் திறந்து கிடந்தது. மூவில் கூட்டலும் பெருக்கலும் வழிந்தால் பரிவர்த்தனை நின்றுவிடும். இடப்பக்க நகர்த்தல் மட்டும் நிற்காது, மேல் பிட்டுகளைச் சத்தமில்லாமல் உதறிவிடும். தாக்கியவர் பிரம்மாண்டமான லிக்விடிட்டியைக் கேட்டார். மேல் பிட்டுகள் போன பின் வந்த தொகை, டோக்கனின் ஒரே ஒரு அலகு. அதைச் செலுத்திவிட்டுக் கேட்டதைப் பெற்றார். மூவ் பாதுகாப்பான மொழி என்ற நற்பெயர் பொய்யல்ல. அது எந்தச் செயல்களுக்குப் பொருந்துகிறது என்ற பட்டியலில் இந்த ஒன்று இல்லை.

இயந்திர மாற்றிகளே மேல் என்று சொல்வாருண்டு; அதில் நியாயம் இருக்கிறது. நெதர்மைண்ட் உருவாக்கிய வார்ப், சொலிடிட்டியை ஸ்டார்க்நெட்டின் கைரோவாக மாற்றியது. கைரோவின் அடிப்படை எண் ஒரு பகா எண் புலத்தின் உறுப்பு. 256 பிட் எண் அதில் அடங்காது. ஆகவே அத்தகைய ஒவ்வோர் எண்ணையும் இரண்டு 128 பிட் பாதிகளாகப் பிரித்துச் சொலிடிட்டியின் நடத்தையைப் பின்பற்ற வேண்டியிருந்தது. விளைந்த நிரல் கனமானது, கைரோவிலேயே சிந்தித்து எழுதியவருக்கு அந்நியமானது. ஆனாலும் பழைய அனுமானங்களை அது தெரிந்தே சுமக்கிறது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆபத்து நடுவழியில் இருக்கிறது: கணக்கை மூலத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அதைக் காத்த அகலங்களையும் வரிசையையும் புது மொழிக்கேற்ப மாற்றிக்கொள்வதில். மொழி மாதிரிகளிடம் மாற்றித்தரச் சொல்லும் இன்றைய பழக்கம், சரளமான நிரலோடு இந்த நடுவழிக்கே பலரை அழைத்துப்போகும் என்று அஞ்சுகிறேன்.

மூலத்தையும் நகலையும் ஒரே உள்ளீடுகளால் ஓட்டி ஒப்பிடும் சோதனை நல்ல கருவிதான். ஆனால் லிக்விடிட்டிக்கு நடைமுறை மதிப்புகளையே கொடுத்துப் பார்க்கும் சோதனை, செடஸின் திறந்த வெளியில் காலே வைக்காது. எண் வகையின் உச்சங்களையும், ஒவ்வொரு நகர்த்தலின் விளிம்பையும் கைப்பட எடுத்துக் கொடுக்க வேண்டும். சந்தேகத்திலிருந்து கம்பைலரையும் விலக்கிவிட முடியாது. 2023 ஜூலை 30 அன்று கர்வ் பரிமாற்றகத்தின் லிக்விடிட்டிக் குளங்கள் சில தாக்கப்பட்டபோது மூல நிரலில் மறுநுழைவுப் பூட்டு சரியாகவே எழுதப்பட்டிருந்தது, வைப்பர் 0.2.15, 0.2.16, 0.3.0 பதிப்புகள்தான் ஒரே பூட்டுக்குச் செயற்கூறு தோறும் வெவ்வேறு சேமிப்புக் கட்டம் ஒதுக்கியிருந்தன.

ஆகவே மாற்றத் தொடங்கும் முன் ஓர் ஆவணம் தேவை: மூல ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கணக்கும் எந்த அகலத்தை நம்புகிறது, எங்கே எண் சுற்றுவது விரும்பத்தக்கது, எந்தத் தரவு எந்தக் கட்டத்தில் இருந்தாக வேண்டும், எந்த அழைப்பின் நடுவே நிலை முழுமையடையாமல் இருக்கிறது. தணிக்கையாளர் நகல் நிரலை இந்த ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். மூல நிரலோடு ஒப்பிட்டு ஒத்திருக்கிறது என்று எழுதித் தரும் அறிக்கையை ஏற்கக் கூடாது. யூனிஸ்வாப்பின் அந்த ஒற்றை நகர்த்தலுக்கு எதிரே, ‘128 பிட்டும் 96-உம் சேர்ந்து 256-ஐத் தாண்டாது, ஆகவே சோதனை இல்லை’ என்று ஒரு வரி எழுதிவைத்தால், பெருக்கலை முன்னால் நகர்த்துபவர் அந்தக் கூட்டலை மீண்டும் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.