சாட்சியமே சிகிச்சையானபோது: சிலி நாட்டின் அனுபவம், 1973–2004

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் சால்வடார் அயெந்தேயின் அரசை ராணுவம் கவிழ்த்தது. அடுத்த 17 ஆண்டுகள் ராணுவத் தளபதி பினோசேயின் ஆட்சி. சித்திரவதைக்கு ஆளானோருக்கான உளச் சிகிச்சை இன்று ஒரு தனித் துறை. அதன் அடிப்படைக் கருத்துகளில் சில அந்த ஆட்சியின் கீழேயே, தலைநகர் சாந்தியாகோவில், தேவாலயங்களின் நிழலில் இயங்கிய சிறு அலுவலகங்களில் உருவாயின. மருத்துவமனைகளில் அவை பிறக்காததற்குக் காரணம் உண்டு. சித்திரவதைக் கூடங்களில் மருத்துவர்களும் பணியாற்றினார்கள். கைதி இன்னும் எவ்வளவு தாங்குவார் என்று நாடி பிடித்துச் சொன்ன தொழிலிடம் அந்தக் கைதியே சிகிச்சைக்கு எப்படிப் போவார்?

கவிழ்ப்பு நடந்த அடுத்த மாதமே கத்தோலிக்க, லூத்தரன், மெதடிஸ்ட் சபையினரும் யூத சமூகத்தினரும் சேர்ந்து ஒரு சமாதானக் குழுவை அமைத்தனர். பினோசேயின் நெருக்குதலால் 1975 இறுதியில் அது கலைக்கப்பட்டது. 1976 ஜனவரி 1 முதல் கர்தினால் ராவுல் சில்வா என்ரீக்கெஸ் அதே பணியைத் தம் மறைமாவட்டத்தின் நேரடிப் பொறுப்பில், ‘ஒருமைப்பாட்டு விகாரியேட்’ என்ற பெயரில் தொடர்ந்தார். இதற்கிடையே, 1975இல், கிறிஸ்தவ சபைகளின் சமூக உதவி நிறுவனமான ‘ஃபாசிக்’ தோன்றியது. 1977இல் அது மருத்துவ, உளவியல் உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சிறையிலிருந்து வெளிவந்தவர்கள், காணாமல்போனோரின் குடும்பத்தினர், நாடு கடத்தப்படக் காத்திருந்தவர்கள் எனப் பலர் அங்கே வந்தனர்.

வந்தவர்களின் வாக்குமூலங்கள் முதலில் பதிவு செய்யப்பட்டது வழக்குக்காகவும் வெளிநாட்டு மனித உரிமை அமைப்புகளுக்கு அனுப்புவதற்காகவும்தான். நடந்ததை ஒழுங்காகச் சொல்லி முடித்தவர்களிடம் ஒரு தணிவு தென்படுவதை உளவியலாளர்கள் கண்டனர். அந்த அவதானிப்பே ஒரு முறையாக வளர்ந்தது. மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவி இருக்கும். பேச்சு கைது நாளிலிருந்து தொடங்காது. பிறந்த வீடு, செய்த வேலை, அரசியலுக்கு வந்த விதம், அப்போது கொண்டிருந்த நம்பிக்கை எல்லாம் சொல்லப்பட்ட பிறகே கைதும் வதையும் வரும். பதிவு எழுத்தாக்கப்படும். அடுத்த அமர்வில் இருவரும் சேர்ந்து அதைப் படிப்பார்கள். “இப்படி இல்லை, இதற்கு முன் இன்னொன்று நடந்தது” என்று பாதிக்கப்பட்டவர் திருத்தலாம். இறுதியில் கிடைக்கும் பிரதி அவருடையது. அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதா, பெட்டியில் பூட்டி வைப்பதா என்பதும் அவர் முடிவு.

இதன் நுட்பம் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வதைக்கூடத்தில் பேச்சு பிடுங்கப்பட்டது. அங்கே பேசினால் தோழனைக் காட்டிக்கொடுத்ததாகும். வாய் திறக்கவே அஞ்சும் அந்த மனிதரிடம் உளவியலாளரும் பேசச் சொல்கிறார், அதுவும் கருவியை ஓடவிட்டு. விசாரணை அதிகாரியிடமிருந்து அவர் எப்படி வேறுபடுகிறார்? எதிரே இருப்பவர் நடுநிலையாளர் இல்லை என்பதே சிலிக் குழுவினர் கண்ட விடை. இவருக்கு இழைக்கப்பட்டது குற்றம், இவருடைய பாடு நோயன்று என்ற நிலைப்பாட்டை எடுத்த பிறகே சிகிச்சை தொடங்கியது. இதைக் ‘கடப்பாடுள்ள பிணைப்பு’ என்றார்கள். அந்தச் சிகிச்சையின் உயிர் ஒலிநாடாவைவிட இந்தப் பிணைப்பில்தான் இருந்தது என்பது என் கருத்து.

இம்முறையை விளக்கும் கட்டுரை 1983இல் ஓர் அமெரிக்க உளநல ஆய்விதழில் வந்தது. ஆசிரியர்கள் சியென்ஃபுவேகோஸ், மொனெல்லி. இரண்டும் புனைபெயர்கள். எழுதியவர்கள் எலிசபெத் லீரா, யூகேனியா வைன்ஸ்டைன். சொந்தப் பெயரில் வெளியிட அஞ்ச வேண்டியிருந்த அந்தக் கட்டுரையை ஆய்வாளர்கள் இன்றும் புனைபெயர்களிலேயே மேற்கோள் காட்டுகிறார்கள்.

காணாமலாக்கப்பட்டோரின் வீடுகளில் சிக்கல் வேறு. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. இறந்தார் என ஒப்புக்கொண்டால் தாமே கொன்றதுபோல் ஒரு குற்ற உணர்வு. ஒப்புக்கொள்ளாவிட்டால் துக்கம் தொடங்கவே இடமில்லை. மார்பில் புகைப்படத்தைக் குத்திக்கொண்டு “எங்கே அவர்கள்?” என்று கேட்டுத் தெருவில் நின்ற பெண்களுக்கு அந்தக் கேள்விக்கான விடைதான் வேண்டியிருந்தது. அதைத் தரும் அதிகாரம் எந்த உளவியலாளரிடமும் இல்லை.

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்’ என்ற நோய்ப்பெயரை ஏற்றது. சிலிக்காரர்களுக்கு அது முழுதாகப் பொருந்தவில்லை. கைது செய்தவர்கள் இன்னும் ஆட்சியில் இருக்கையில் ‘பிந்தைய’ என்பதற்கு என்ன பொருள்? 1988இல் லீரா, டேவிட் பெக்கர் முதலானோர் தொடங்கிய ‘இலாஸ்’ நிறுவனம், நாஜிக்களிடமிருந்து தப்பிப் பிழைத்த யூதக் குழந்தைகளை ஆராய்ந்த ஹான்ஸ் கீல்சனின் கருத்தைத் துணைகொண்டது. பாதிப்பு ஒரே நிகழ்வோடு முடிவதில்லை, கட்டம் கட்டமாக நீள்கிறது. ஒடுக்குமுறை ஓய்ந்த பிறகு சமூகம் நடந்துகொள்ளும் விதமும் அதில் ஒரு கட்டம் என்றார் கீல்சன்.

அந்தக் கட்டம் 1990இல் தொடங்கியது. மக்களாட்சி திரும்பியதும் அமைந்த ரெட்டிக் ஆணையம் 1991இல் தந்த அறிக்கை, உயிரிழந்தவர்களாகவும் காணாமலாக்கப்பட்டவர்களாகவும் 2,279 பேரை அங்கீகரித்தது. வதைபட்டு உயிரோடிருந்தவர்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. அதே ஆண்டு சுகாதார அமைச்சகம் தொடங்கிய ‘பிராயிஸ்’ திட்டம் பாதிக்கப்பட்டோருக்கும் குடும்பத்தினருக்கும் இலவச மருத்துவ, உளவியல் சிகிச்சை தந்தது. பின்னர் பேரக்குழந்தைகளும் அதில் இடம்பெற்றனர். சிகிச்சை அட்டை கிடைத்துவிட்டது. “ஆம், உன்னை வதைத்தோம்” என்ற அரசின் ஒப்புதலுக்கு மேலும் 13 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2003இல் அமைந்த வலெக் ஆணையத்தின் முன் சுமார் 35,000 பேர் சாட்சியமளித்தனர். 2004 அறிக்கை 27,000க்கும் மேற்பட்டோரைப் பாதிக்கப்பட்டோராக ஏற்றது. ஆணைய உறுப்பினர்களில் ஒருவர், புனைபெயரில் எழுதிய அதே எலிசபெத் லீரா.

ஆனால் அந்த ஆண்டின் சட்டம் இச்சாட்சியங்களை 50 ஆண்டுகளுக்கு ரகசியமாக்கியது. அதிகாரிகளோ நீதிமன்றமோ அவற்றைப் பார்க்கக் கூடாது என்றது அது. சொன்னவர்களின் அந்தரங்கத்தைக் காக்கவே இந்த ஏற்பாடு என்பது அரசின் வாதம். அது பொய்யில்லை, ஆயினும் வதைத்தவர்களும் அதே பூட்டுக்குப் பின்னே பாதுகாப்பாக இருந்தார்கள்.

சிலியின் முறை வெளியே வேறு வடிவங்களில் வாழ்கிறது. டென்மார்க்கின் இங்கர் அகர் முதலானோர் அதை அகதிகளிடையே கையாண்டனர். பின்னர் இந்தியா, இலங்கை, கம்போடியா, பிலிப்பைன்ஸ் நாடுகளில், எழுதிய சாட்சியத்தை ஊரார் முன்னிலையில் வாசித்து உரியவரிடம் ஒப்படைக்கும் சடங்கோடு அது நடத்தப்பட்டது; இது குறித்த ஆய்வு 2012இல் வெளியானது. பிரதி யார் கைக்குப் போகிறது என்பதே அங்கும் மையம்.

2004இன் சட்டத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு: தம் சாட்சியத்தைத் தாமே வெளியிடவோ பிறருக்குத் தரவோ பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. ஃபாசிக் அலுவலகத்தில் உருவான சிகிச்சை நெறியில் அரசுச் சட்டத்துக்குள் தப்பிப் பிழைத்தது அந்த ஒரு வரி மட்டுமே.