மாற்றுத்திறனாளிகளின் வாக்களிப்பு: மைசூரு மையும் தேர்தல் விதிகளும்

உடற்குறை, பார்வைக்குறை, செவிக்குறை உடைய குடிமக்கள் வாக்குச்சாவடியை அடைந்து, தம் விருப்பத்தைப் பிறர் அறியாதவாறு தாமே பதிவுசெய்ய உதவும் சட்டங்களும் ஏற்பாடுகளும் இந்தியாவில் பல பத்தாண்டுகளில் சிறிது சிறிதாக உருவானவை. அவற்றுள் பழமையான ஒன்று மைசூருவின் தொழிற்பொருள் ஒன்றோடு தொடர்புடையது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937-இல் தொடங்கிய தொழிற்சாலை, இன்று மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் லிமிடெட் என்னும் கர்நாடக அரசு நிறுவனமாக இருந்து, 1962 பொதுத்தேர்தல் முதல் அழியாத மையை வழங்கிவருகிறது. சில்வர் நைட்ரேட் கலந்த இம்மை, ஒருவரே இருமுறை வாக்களிப்பதைத் தடுக்க இடக்கை ஆள்காட்டி விரலில் இடப்படுவது. அவ்விரல் இல்லாதவருக்கு இடக்கையின் வேறு விரலிலும், அக்கையில் விரலே இல்லையெனில் வலக்கை விரலிலும், இரு கைகளிலும் விரல்கள் இல்லையெனில் எஞ்சியுள்ள கையின் முனையிலும் இடவேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் கூறுகின்றன. கையிழந்தவரும் வாக்காளரே என்பதை அவ்விதி முன்கூட்டியே எண்ணிப்பார்த்திருப்பது போற்றத்தக்கது.

பார்வையற்றோரும் உடல் நலிந்தோரும் பதினெட்டு வயது நிரம்பிய துணைவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல அவ்விதிகள் இசைந்தன. துணைவர் வாக்கை வெளியிடுவதில்லை என உறுதிமொழி தரவேண்டும். ஒரே நாளில் மற்றொருவருக்குத் துணையாக வரவும் கூடாது. இருப்பினும், தாம் அளித்த வாக்கு மற்றொருவருக்குத் தெரிந்துவிடும் நிலையை இவ்வேற்பாடு மாற்றவில்லை. வாக்குச்சாவடிகள் பலவும் படிக்கட்டு உள்ள பள்ளிக்கட்டடங்களில் அமைந்தமையால், சக்கர நாற்காலியில் வருவோருக்கு வாயிலே தடையாயிற்று. மாற்றுத்திறனாளர் உரிமைக் குழுவின் ஜாவேத் ஆபிதி முன்னெடுத்த முயற்சியை அடுத்து, 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சாய்தளம் அமைப்பது குறித்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

அவ்வாண்டிலேயே ஆந்திரப் பிரதேசத்தின் ஆசிப்நகர் இடைத்தேர்தலில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் பொத்தான்களருகே பிரெயில் எண்கள் சோதனையாகப் பொறிக்கப்பட்டன. 2006-இல் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம் முதலிய இடங்களில் தலா ஒரு தொகுதியில் முயன்றபின், 2009 மக்களவைத் தேர்தலில் இவ்வசதி விரிவுபெற்றது. பிரெயிலில் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைத் தடவி வேட்பாளரின் வரிசை எண்ணை அறிந்து, அவ்வெண்ணுக்குரிய பொத்தானைத் தாமே அழுத்துவது இதன் முறை. பின்னர் வந்த ஒப்புகைச்சீட்டு இயந்திரம், பதிவான சின்னத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி காட்டுகிறது. பார்வையற்றவருக்கோ ஒலி மட்டுமே கேட்கும், வாக்கு யாருக்குச் சென்றது என்பதை அவ்வொலி சொல்லாது. இக்குறை களையப்படாத வரை பிரெயில் தந்த தற்சார்பு பாதியளவிலேயே நிற்கும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வாக்குச்சாவடிகளையும் தேர்தல் தொடர்பான ஆவணங்களையும் அணுகத்தக்கனவாக ஆக்குவதைத் தேர்தல் ஆணையங்களின் கடமையாக்கியது. 2023 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் மைசூரு உள்ளிட்ட கர்நாடகம் முழுவதும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையோரும் எண்பது வயது கடந்தோரும் விரும்பினால் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்களிக்கலாம் என்ற நடைமுறை வந்தது. படுக்கையிலுள்ளோருக்கு இது பெரும் ஆறுதல். ஆயினும் காகிதச் சீட்டில் பிரெயில் பொத்தான் இல்லாமையால் பார்வையற்றவர் மீண்டும் பிறர் துணையை நாடவேண்டியவராகிறார். தகுதியுள்ள நீதிமன்றத்தால் மனநலம் குன்றியவர் என அறிவிக்கப்பட்டவரை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கும் 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுக்கு, மேற்கூறிய எந்த ஏற்பாடும் மாற்றாக அமையவில்லை.