சொன்ன உறவும் அளந்த உறவும்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல், இன்றைய தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதியின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களின் வழித்தோன்றல் ஒருவர் இன்று தம் முன்னோரைத் தேட முற்பட்டால் இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. விக்கிட்ரீ, கெனி போன்ற தளங்களில் பலரும் சேர்ந்து வளர்க்கும் ஒரே உலகக் கொடிவழி ஒன்று. டிஎன்ஏ பொருத்தம் மற்றொன்று. முன்னது உறவைச் சொல்கிறது, பின்னது உறவை அளக்கிறது. சொல் ஐயத்துக்குரியது, அளவு உறுதியானது என்றே இவ்விரண்டையும் அணுகுவோரில் பலர் எண்ணுகிறார்கள். அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்பதில்லை.

முதலில் கொடிவழியின் பலத்தைப் பார்ப்போம். நேட்டால் கப்பல் பட்டியல்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்தன. அந்த வரியை ஒருவர் தளத்தில் ஏற்றிவிட்டால், கேப் டவுனிலோ டொரன்டோவிலோ இருக்கும் முகமறியாத உறவினர் அதே வரியைத் தேடி அங்கே வந்து சேர்வார். டிஎன்ஏவுக்கு இந்தத் திறன் கிடையாது. எத்தனை துல்லியமாக அளந்தாலும் அது ஓர் ஊரின் பெயரைச் சொல்லாது.

டிஎன்ஏவின் பலம் பட்டியல் ஓயும் இடத்தில் தொடங்குகிறது. கப்பலேறியவரைத்தான் பட்டியல் அறியும். ஊரில் தங்கிவிட்ட தம்பியை அது அறியாது. கப்பலேறிய அண்ணன் தம்பியர் இருவராக இருந்தாலும், குடும்பப் பெயர் வழக்கமே இல்லாத அவர்களின் சொந்தப் பெயர்கள் நேட்டால் பதிவேடுகளில் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிடுவதுண்டு. மூன்று தலைமுறைக்குப் பின் ஒரு கிளை பெருமாள், மறு கிளை முனிசாமி என்றாகி, ஒன்றையொன்று அறியாமலே ஒரே நகரில் வாழும். கொடிவழியில் இந்த இரண்டு கிளைகளும் சேர வாய்ப்புக் குறைவு. டிஎன்ஏ பொருத்தப் பட்டியலில் பெயர் எதுவானாலும் அவை பக்கத்தில் நிற்கும்.

தொடங்கும் இடம் பற்றி இரண்டும் ஒரே அறிவுரை தருகின்றன. குடும்பத்தில் உயிரோடிருக்கும் மூத்தவரிடம் முதலில் போக வேண்டும். கொடிவழிக்கு அவருடைய நினைவு வேண்டும், டிஎன்ஏவுக்கு அவருடைய எச்சில் வேண்டும். அண்ணன் நேட்டாலிலும் தம்பி ஊரிலும் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரின் பேரப்பிள்ளைகளும் சோதித்துக்கொண்டால் பொருத்தம் அநேகமாகத் தவறாமல் வரும். பகிர்வு சராசரியாகச் சுமார் 230 சென்டிமோர்கன் (பொதுவான டிஎன்ஏ துண்டுகளின் நீளத்தை அளக்கும் அலகு). கொள்ளுப்பேரர்கள் என்றால் பத்தில் ஒன்பது இணைகளுக்கே வரும், அளவும் 70-ஐ ஒட்டிச் சுருங்கிவிடும். எள்ளுப்பேரர் காலத்தில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பொருத்தமே தென்படாது. எண்பது வயதுப் பாட்டியைச் சோதிக்காமல் பேத்தி தன்னையே சோதித்துக்கொள்வது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. வாய் உலரும் வயதில் குழாய் நிரம்ப எச்சில் சேர்ப்பது கடினம். மைஹெரிட்டேஜ், ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ போல் கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் தேய்த்து எடுக்கும் நிறுவனங்களே மூத்தவர்களுக்குத் தோது.

இரண்டும் தவறும் விதத்தில்தான் அவற்றுக்கிடையே எதிர்பாராத உறவு வெளிப்படுகிறது. கூட்டுக் கொடிவழி செய்யும் பெரும் பிழை, இருவரை ஒருவராக இணைத்துவிடுவது. ஒரே பெயர், ஒரே தந்தை பெயர், ஏறக்குறைய ஒரே வயது. ஆர்வலர் ஒருவர் இரு பக்கங்களையும் சேர்த்துவிடுகிறார், ஒரே கணத்தில் நூறு பேருக்குத் தாத்தா மாறிவிடுகிறார். பேரனுக்குத் தாத்தா பெயரையே வைக்கும் நம் வழக்கத்தில் இந்தப் பிழை இன்னும் எளிது. டிஎன்ஏ செய்யும் பெரும் பிழையும் இதுவே. அது இரண்டு உறவுகளை ஒரே எண்ணாக இணைத்துவிடுகிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இது மிக நெருக்கமான சிக்கல். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரு வீடுகளின் பிள்ளைகள், வழக்கமாகப் பகிரும் எட்டில் ஒரு பங்குக்குப் பதிலாக ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் மருமகனும், தாத்தாவும் பேரனும் பகிரும் அளவு அது. வெளியில் மணம் செய்யும் சமூகங்களை மனத்தில் வைத்து அமைந்த கணிப்பு, அந்த எண்ணைப் பார்த்துத் தவறான உறவைக் காட்டும். அத்தை மகளை மணந்தவரின் பிள்ளைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டியர் எண்மர் அல்லர், அறுவரே. அக்காள் மகளை மணந்த வீட்டில் இன்னும் வியப்பு: அப்பாவின் பெற்றோரே அம்மாவைப் பெற்ற பாட்டிக்கும் பெற்றோர் ஆகையால், ஒரே இணை அந்தப் பிள்ளைக்குத் தாத்தா பாட்டியாகவும் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டியாகவும் நிற்கிறது. கொடிவழியில் கிளை சுழன்று வேருக்கே திரும்புகிறது. டிஎன்ஏவில் எண் உப்பித் தூரத்து உறவைக் கிட்டத்து உறவாகக் காட்டுகிறது. இத்தகைய குடும்பங்களில் மொத்தக் கூட்டுத்தொகையை நம்புவதைவிட, மிக நீளமான ஒற்றைத் துண்டின் அளவைப் பார்ப்பது நல்லது. ஏழெட்டு சென்டிமோர்கனுக்குக் கீழ்ப்பட்ட சிறு துண்டுகளை ஒதுக்கிவிடலாம்.

நம் மனம் முதலில் கேட்கும் கேள்விக்கு எண்ணிடம் விடை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சித்தப்பா மகனும் அத்தை மகனும் அளவில் ஒன்றே. ஒருவர் பங்காளி, மற்றவர் முறைமாப்பிள்ளை என்று பிரித்தறிய, யார் வழியாக உறவு வருகிறது என்று வரைந்து காட்டும் கொடிவழி தேவை. அதேபோல், ஒரே கப்பலில் வந்தவர்கள் உடன்பிறந்தார்போல் உறவு கொண்டாடியதையும் டிஎன்ஏ காணாது. அத்தகைய ‘பெரியப்பா’ அளவில் பொய்த்துப்போனால் அவரைக் கொடிவழியிலிருந்து வெட்டிவிடுவோர் உண்டு. அது தவறு என்பேன். இரத்த உறவல்ல என்று குறித்து, அவர் பக்கத்தைக் காப்பதே வரலாற்றுக்கு நியாயம்.

இன்னொரு ஒற்றுமை கவலைக்குரியது. இரண்டிலுமே நாம் ஒப்படைப்பது நம்முடையது மட்டும் அல்ல. 2018-இல் கலிபோர்னியாவில் பழைய கொலைத் தொடர் ஒன்றின் குற்றவாளி பிடிபட்டார். அவர் எந்தத் தளத்திலும் சேர்ந்தவர் அல்லர். தூரத்து உறவினர்களின் டிஎன்ஏ வழிகாட்டியது, கொடிவழி வரைந்து இறங்கியதால் ஆள் கிடைத்தார். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தத் தேடல் முடிந்திராது. 2023-இல் 23அண்ட்மீ நிறுவனத்தில் சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தவர்கள், அவற்றின் வழியே சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தார்கள். டிஎன்ஏ உறவினர் வசதி வழியே 55 லட்சம், குடும்பக் கொடிவழிப் பக்கங்கள் வழியே 14 லட்சம்: இரண்டு வாசல்களிலும் கசிவு நடந்தது. அதனால் உயிரோடிருப்பவர்களின் பக்கங்களைப் பூட்டிவைப்பதும், மூத்தவரின் மாதிரியை எடுக்குமுன் அதைக் கொண்டு என்னென்ன தெரியவரக்கூடும் என்று அவருக்கு விளங்கச் சொல்வதும் முதல் நாள் வேலைகள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை: கப்பலேறியவர் வரை கொடிவழியை முதலில் எழுதுங்கள், ஒவ்வொரு வரிக்கும் சான்று சேருங்கள், அதன்பின் மூத்தவரைச் சோதியுங்கள். கொடிவழி இல்லாத கணக்கிலிருந்து வரும் கடிதத்துக்குப் பதில் எழுதுவோர் குறைவு. பொருத்தமாக வந்தவருக்கு எழுதும் முதல் கடிதத்தில் பகிர்ந்த சென்டிமோர்கன், மிக நீளமான துண்டு, கப்பல் பட்டியல் எண், ஊர் ஆகியவற்றோடு, குடும்பத்தில் யார் யாருக்குள் மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்கள் நடந்தன என்பதையும் குறிப்பிடுங்கள்; அது தெரியாமல் எதிர்ப்பக்கத்தவரால் உங்கள் எண்ணைப் படிக்க முடியாது.