அடகு வைக்கப்பட்ட பருவம்

நகையை அடகு வைப்பதுண்டு. நிலத்தை அடகு வைப்பதுண்டு. பெற்ற பிள்ளையின் உழைப்பை அடகு வைத்த வரலாறும் நம் மண்ணுக்கு உண்டு. மேல்விஷாரம் முதல் ஆம்பூர் வரை பாலாற்றங்கரை ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. அதே வட்டாரத்தின் ஏழை இல்லங்கள் பலவற்றுக்குப் பீடித் தொழிலே சோறு போட்டது. அவ்வரலாற்றின் சுவடுகளை அங்கேயே காண்கிறோம்.

தொழிலாளர் நிலையை ஆராய ஆங்கில அரசு 1929இல் விட்லி என்பவர் தலைமையில் ஆணையம் ஒன்றை அமைத்தது. 1931இல் வெளிவந்த அதன் அறிக்கை, பீடிப் பட்டறை போன்ற கண்காணிப்பற்ற இடங்களில் சிறார் பட்ட பாட்டை எடுத்துரைத்தது. ஐந்து வயதுப் பிள்ளைகளும் போதிய ஓய்வின்றி, நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், இரண்டணா போன்ற அற்பக் கூலிக்கு உழைத்தனர். சிறியவர்களை அடித்துப் பணியவைக்கும் வழக்கமும் இருந்தது. பெற்றோர் பெற்ற முன்பணத்திற்குப் பிள்ளை பிணையாயிற்று. உடலும் உள்ளமும் முதிருமுன் சிறாரைத் தொழிற்சாலைக்கு அனுப்பலாகாது என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இலேயே எச்சரித்திருந்ததை இங்கு நினைவுகூர்கிறோம்.

ஆணைய அறிக்கையின் விளைவாக 1933இல் சட்டம் பிறந்தது. 15 வயது நிரம்பாத பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது அது. ஆனால் தண்டனையோ பெற்றோருக்கு 50 ரூபாய், முதலாளிக்கு 200 ரூபாய் வரை அபராதம் மட்டுமே! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலும் வந்தன. ஆயினும் 1990களில்கூட வேலூர், குடியாத்தம் பகுதிப் பீடித் தொழிலில் முன்பணத்திற்குக் கட்டுண்ட சிறார் இருந்தனர். சிவகாசிச் சிறார் குறித்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறும் முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என ஆணையிட்டது.

கடன் தீர்ந்தால் பிள்ளைக்கு விடுதலை கிட்டிவிடுமா? பட்டறையிலிருந்து மீண்ட பன்னிரண்டு வயதுச் சிறுவனை முதல் வகுப்பில் அமர்த்தினால், பிஞ்சுகள் நடுவே அவன் கூனிக் குறுகுகிறான். அவன் உயரமும் ஆடையில் படிந்த புகையிலை நெடியும் ஏளனத்திற்கு ஆளாகின்றன. பட்டறையின் பிரம்புக்கு அஞ்சியவன் இப்போது பள்ளியின் சிரிப்புக்கு அஞ்சுகிறான். மறுவாரமே வேலைக்குத் திரும்பிவிடுகிறான். இதை உணர்ந்தே, 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், இத்தகையோரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி அளிக்கப் பணிக்கிறது. உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

சட்டம் பள்ளியின் வாசலைத் திறந்துவிடும். ஆனால் உள்ளே நுழையும் பிள்ளைக்குப் பக்கத்தில் நகர்ந்து இடந்தருமாறு நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியவர்கள் நாமே. வீட்டில் பிறர் தொழிலையும் ஏழ்மையையும் நாம் எள்ளி நகையாடினால், அச்சொற்களே மறுநாள் வகுப்பறையில் ஒலிக்கும். அடகிலிருந்து மீண்ட பருவத்தை மீண்டும் மூழ்கவிடுவது நமக்குத் தகுமா?