பேட்டரி யாருடையது?

கார் மாற்றலாமா என்று போன மாதம் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். ஒரு பக்கம் பெட்ரோல், இன்னொரு பக்கம் எலெக்ட்ரிக். விலை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் மடமடவென நிரம்பிவிட்டன. ஒரு கட்டம் மட்டும் காலி: பேட்டரிக்கு வயசானால் செலவு யார் தலையில்? இதே கணக்கை நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் எப்படிப் போட்டார்கள் என்று தேடப் போய், ஷீட்டை அப்படியே விட்டுவிட்டேன்.

1900இல் அமெரிக்காவில் தயாரான கார்கள் நாலாயிரத்துச் சொச்சம். அதில் பெட்ரோல் கார் 936தான். எலெக்ட்ரிக் 1,575, மிச்சம் நீராவி. பிறகு எலெக்ட்ரிக் ஏன் தோற்றது? 1912 கேடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது, கையால் சுற்றும் தொல்லை ஒழிந்தது, பெட்ரோல் ஜெயித்தது என்பார்கள். என்னைக் கேட்டால் அது பாதிக் கதை. விலையைப் பாருங்கள். ஃபோர்டின் மாடல் டி 1908இல் 850 டாலர். 1914 வாக்கில் 600க்கும் கீழே. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரிலோ, ஈய-அமில பேட்டரிக்குப் பதிலாக நீண்டநாள் உழைக்கும் எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரி வேண்டுமென்றால், அதற்கு மட்டுமே கூடுதலாக 600 டாலர். அந்தக் காசில் ஒரு முழு ஃபோர்டே வாங்கிவிடலாம்! (ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக்தான். அவருக்கு விலை ஒரு பிரச்சினையா என்ன.)

என் காலிக் கட்டத்துக்கான பதில் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரில் கிடைத்தது. அங்கே மின்சாரக் கம்பெனியே பேட்டரியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. வியாபாரி பேட்டரி இல்லாத லாரியை வாங்குவார். சார்ஜ் தீர்ந்தால் வேறு பேட்டரி மாற்றித் தருவார்கள். மாதம் ஒரு தொகை, ஓடிய மைலுக்கு ஒரு தொகை, அவ்வளவுதான். பேட்டரி செத்தால் அது கம்பெனியின் தலைவலி. 1924 வரை நடந்த இந்தத் திட்டத்தில் லாரிகள் ஓடியது 60 லட்சம் மைலுக்கு மேல். தினமும் ஓடும் லாரிக்கு மைல் கணக்கு கட்டுப்படியாகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் சொந்தக் காருக்கு, வாங்கும் விலைதான் முதல் கேள்வி.

2024இல் எம்ஜி வின்ட்ஸர் இந்தியாவுக்கு வந்ததும் கிட்டத்தட்ட இதே யோசனையோடுதான். பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய், பேட்டரியோடு சேர்த்து வாங்கினால் 13.50 லட்சம். நிபந்தனைகளையெல்லாம் தள்ளிவைத்துப் பார்த்தால், வித்தியாசத் தொகை தீர ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நான் வருஷத்துக்கு எட்டாயிரம் ஓட்டினாலே பெரிய விஷயம். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.